கோர்மக்கின் சூடு

செத்த பிறகும் கோர்மக் டீஹனின் உடம்பு ஆறவில்லை. ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுவது அவன் வேலை. கம்பெனி மறுபடியும் கூலியைக் குறைத்த 1877 ஜூலையில், பென்சில்வேனியா மலையடிவாரத்து ஹார்லோ சந்திப்பில் கரிக்காரர்கள் மண்வாரியைப் போட்டுவிட்டுத் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். வெளியூர்ப் பட்டாளம் வந்து சுட்டதில் கோர்மக் செத்தான். பிணத்தைக் கழுவ ஊற்றிய தண்ணீர் அவன் மார்பில் ஆவியாய் எழும்ப, பெண்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு வேலையை முடித்தார்கள். தலைமாட்டு மெழுகுவர்த்தி உருகிச் சாய்ந்தது; வேறொன்றை ஏற்றிச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். அவன் மனைவி ஹனோரா மட்டும் கடைசிவரை வெறுங்கையால் அவன் முகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். உள்ளங்கை கொப்பளித்துப்போயிற்று.

புதைத்த அன்றே, கோர்மக்கின் தம்பி ஃபெலிம் துப்பாக்கிகளின் காவலில் முதல் சரக்கு வண்டிக்குக் கரி போட்டான். வேலைநிறுத்தம் அத்தோடு உடைந்தது. கூலி ஏறவில்லை. தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த மாநிலத்தில் எந்த ரயில் கம்பெனியும் வேலை தரவில்லை. கம்பெனி வீடுகளும் பறிபோயின. பனிக்காலம் வந்தபோது கோர்மக்கின் குழிமேல் மட்டும் பனி தங்கவில்லை. போக்கிடமில்லாத குடும்பங்கள் அதைச் சுற்றிக் கூடாரம் அடித்தன. மண்ணுக்குள் உருளைக்கிழங்கைப் புதைத்தால் மத்தியானத்துக்குள் வெந்துவிடும். விரட்ட வந்த கம்பெனிக் காவலாட்கள் முதலில் குழியருகே குளிர்காய்ந்தார்கள், பிறகு விரட்டினார்கள். அவர்கள் போனதும் குடும்பங்கள் திரும்பி வந்தன.

ஜனவரியில் ஒரு சாயங்காலம், இருமும் மகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஃபெலிம் கல்லறை வேலியோரம் வந்து நின்றான். கூடாரத்துக்காரி ஊனா பிராஃபி எழுந்தாள்.

"உங்கண்ணன சுட்ட துப்பாக்கிக்கு நடுவுல நின்னு கரி அள்ளுனியே, அதுல ஒரு கூடை உனக்குக் குடுக்கலையாக்கும்?"

"என்னையும் வெளிய தள்ளிட்டாங்க ஊனா."

"அப்ப இங்க என்னத்துக்கு வந்த? அவன இன்னொரு தடவ கொல்லவா?"

ஃபெலிம் ஹனோராவைப் பார்த்தான். "அண்ணி, நான் உள்ள வரல. புள்ளைக்கு மூச்சு இழுக்குது. அவள மட்டும் படுக்க வைங்க."

ஹனோரா வேலியருகே வந்தாள். பிறகு கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "நீ அங்கயே நில்லு" என்றாள்.

அவன் நின்றான். பனி முழங்காலுக்கு ஏறியது. குழந்தை தன் பெரியப்பனின் மேல் கிடந்து வியர்த்து, விடியும்போது கஞ்சி கேட்டது. ஃபெலிமின் வலதுகால் விரல்கள் கறுத்து உதிர்ந்தன. அதற்காக ஹனோரா வருந்தவுமில்லை, அவனை மன்னிக்கவுமில்லை. ஆனால் அடுத்தடுத்த பனிக்காலங்களிலும் அந்தப் பெண்ணைக் குழிக்கு அவளே அழைத்துப்போனாள்.

பிறகும் வேலைநிறுத்தங்கள் வந்தன, பட்டாளங்களும் வந்தன. பல உடம்புகள் எல்லாரையும்போல ஆறிப்போயின. ஹனோரா கிழவியாகி ஒரு கடும்பனி மாதத்தில் செத்தாள். ஊரெங்கும் நிலம் இரும்பாய் இறுகிக் கிடந்தது. நொண்டி ஃபெலிம் அன்றுதான் முதல்முறையாக வேலிக்குள் நுழைந்தான். யாரும் தடுக்கவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் மண் வெண்ணெயாய் வெட்டுப்பட்டது. புழுக்கம் தாங்காமல் அவன் கோட்டைக் கழற்றினான், பிறகு சட்டையையும். வெற்றுமேனியில் பனி விழ விழக் கரைய, அழுதுகொண்டே தோண்டி முடித்தான்.