நடுக்குழாயில் கட்டிய துணி

போனி ஆற்றங்கரை அமோனியா ஆலையின் மேலாளர் தாகோகோ நம்பியது இரண்டை: ஆண்டவர், பழைய உலை. பொறியாளர் இபினாபோ ஆண்டவர் மேல் கை வைக்கவில்லை. உலையை மட்டும்தான் மாற்றினாள்.

பழைய உலையில் வாயு மேலிருந்து கீழே, பனை உயரத்துக்குக் குவிந்த வினையூக்கி மணிகளை முட்டிமோதிக் கடக்க வேண்டும். வெளியே வருவதற்குள் அழுத்தம் பாதி போய்விடும். அதை ஈடுகட்டக் கம்ப்ரசர் மாடாய் உழைக்கும். இவளுடைய உலையில் வாயு ஓரத்திலிருந்து பக்கவாட்டில் நுழைந்து, நடுக்குழாய் வழியே வெளியேறும். பாதை குட்டை, வாசல் அகலம், அவ்வளவுதான் விஷயம். அதைப் புரியவைப்பதற்குள் இவளுக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. இன்றைய சோதனையில் அழுத்த இழப்பு குறைந்தால் மற்ற உலைகளும் மாறும். இல்லையென்றால் வரைபடம் பரணுக்குப் போகும்.

மணிகளைக் கொட்டும்போது நடுக்குழாய்க்குள் விழாதிருக்க வந்த மூடி, அளவு சேரவில்லை. தோழி கல்யாணத்துக்கு எல்லாரும் ஒரே மாதிரி உடுத்த எடுத்த நீலத் துணி இபினாபோவின் பையில் இருந்தது. அதையே குழாய் வாயில் இறுக்கிக் கட்டினாள்.

"நான் சொல்லாம யாரும் இதத் தொடக் கூடாது" என்றாள்.

யாரும் தொடவில்லை.

மணிகளைக் கொட்டி முடித்து, உலையை மூடுமுன் ஜெபம் செய்வது அங்கே வழக்கம். பாஸ்டர் அமோனியாவில் தொடங்கி, மேலாளரின் மூட்டுவலி வரை ஆண்டவரிடம் சொன்னார். எல்லாரும் கண்மூடி நின்றார்கள். ஆமென் சொன்ன கையோடு உலையை மூடிப் போல்ட்டுகளை முறுக்கினார்கள்.

குளிர்ந்த நைட்ரஜனைச் செலுத்திப் பார்த்தபோது அழுத்த இழப்பு கணக்கைப்போல் மூன்று மடங்கு காட்டியது.

"ஏம்மா, காகிதத்துல நல்லாத்தான ஓடுச்சு?" என்றார் தாகோகோ. "பேசாம பழசுக்கே போயிடலாம்."

இபினாபோ மனசுக்குள் மறுபடி கணக்குப் போட்டாள். சரியாகவே வந்து தொலைத்தது.

மணி கொட்டும் குழுவின் தலைவர் லெபாரி அவளைத் தேற்றப் பார்த்தார். "விடுங்க மேடம். சனிக்கிழம கல்யாணம் இருக்குல்ல? துணி தைக்கக் குடுத்தாச்சா?"

அவள் பையைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் உலை போகும். பாழாய்ப்போன உலைதான் அவளுக்குப் பெரிதாய்ப் பட்டது.

"சார், டிசைன் சரி. நான்தான் முட்டாள். என் துணி உள்ள கெடக்கு."

உலையைத் திறந்து, மணிகளின் கருந்தூசி அப்பிய துணியை எடுத்து, மறுபடி சோதித்தார்கள். அழுத்தமானியின் முள் அவள் கணக்குக்கும் கீழேயே நின்றது.

தாகோகோ அழுத்தமானியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"மத்த உலைக்கும் இதையே போடு" என்றார். "ஆனா அடுத்த ஜெபத்துல நீ மட்டும் கண்ணத் தொறந்தே வச்சிரு. பாஸ்டர்ட்ட நான் சொல்லிக்கறேன்."