மூணு நிமிஷம் ஆச்சு

"உங்க நாள் புதன்கிழமைங்க," என்றார் வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த மேலாளர். "இன்னைக்குச் செவ்வாய்."

"எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே. ஒரு நாள் தள்ளிச் செத்திருப்பாங்க," என்றாள் மகள்.

மேலாளருக்கு அது கேலியாகத் தெரியவில்லை. முதியோர் இல்லத்தின் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரல் வைத்தார். பார்க்க வருபவர்கள் பாதுகாவலரின் கையெழுத்திட்ட சீட்டை முந்தைய நாளே தர வேண்டும். பாதுகாவலர் என்றால் அவளுடைய அண்ணன். நீதிமன்றம் நியமித்த அண்ணன்.

"சரி, அறைக்குப் போங்க. நானும் மனுஷிதான். ஆனா கையில வச்சிருக்கீங்களே, அதை அவங்க வாயில வைக்க விட முடியாது. பல் செட் கூடாதுன்னு ஃபைல்ல இருக்கு. முழுங்கிடுவாங்களாம்."

"இனிமே முழுங்குவாங்களா?"

மேலாளர் நிஜமாகவே சற்று யோசித்தார். "எதுக்கும் எழுத்துல வேணும்ங்க."

அவள் சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கைப்பையில் வைக்காமல் உள்ளங்கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள். பல் செய்யும் கூடத்தில் பதினாறு வருட வேலை. முகம் தெரியாத எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறாள். இந்த ஒரு செட்டை மட்டும், மேல் வரிசையில் இடப்பக்கப் பல் லேசாக முன்னால் சாய்ந்திருக்கும்படி, பழைய புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். செய்து ஒன்பது மாதம் ஆகிறது.

அறையில் நர்ஸ் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அம்மாவின் கன்னங்கள் உள்ளே போய், உதடுகள் வாய்க்குள் மடிந்திருந்தன.

"ஆறு மணிக்குப் போனாங்கக்கா. இப்ப எட்டாகப் போகுது. தாடை இறுக ஆரம்பிச்சிடும். எதுவா இருந்தாலும் சீக்கிரம் பண்ணுங்க."

அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். வெளியூர் இணைப்புகளுக்கு நடுவே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு" என்று சொல்வது அவள் வேலை. வீட்டிலும் அதே சட்டம்தான். அண்ணனும் தங்கையும் முட்டிக்கொண்டால் இருவரையும் உட்காரவைத்து ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுப்பாள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. அந்தக் குரலில் அவளுக்கு அவ்வளவு கர்வம். பல் செட் தொலைந்தபின் கொழகொழவென்று பேச வெட்கப்பட்டு, பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

கைப்பேசி அடித்தது. அண்ணன் தங்கை வழக்கைப் பேசித் தீர்க்க நீதிமன்றம் அனுப்பிய சமரச மையத்துப் பெண்மணி. பதினொரு மணிக்கு அங்கே இரண்டாவது அமர்வு இருந்தது. இரண்டு வருட வழக்கில் அசையாத அண்ணன், போன வாரம் முதல் அமர்வில் நாற்பதே நிமிடத்தில் அம்மாவுக்குப் பல் வைக்கச் சம்மதித்திருந்தான். இன்று கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்த உத்தரவு உங்கம்மாவோட முடிஞ்சுபோச்சும்மா. இப்ப அவர் பாதுகாவலர் இல்ல, பிள்ளை. நீங்களும் பிள்ளை. ரெண்டு பேரும் பேசுங்க."

"அவன்கிட்டயா?"

"வேற யாருகிட்ட?"

வாசலில் அண்ணனின் கார் வந்து நின்றது. டிரைவிங் ஸ்கூல் கார். கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. உத்தரவு வந்த மறுமாதமே அம்மா வீட்டு முன்னறையில் ஸ்கூல் பலகையை மாட்டியிருந்தான்.

உள்ளே வந்தவன் டப்பாவைப் பார்த்தான். "இப்ப எதுக்கு இது? யாரோட பேசப் போறாங்க?"

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு நிமிஷம் குடு எனக்கு."

அவன் முகம் மாறியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"நிமோனியால அம்மா படுத்திருந்தப்போ பல்லைக் கழட்டி மேசை மேல வச்சிருந்தாங்க. டாக்டர் கேள்வி கேட்டார். பேச்சு தெளிவில்லை, சுயமா முடிவெடுக்க முடியாதுன்னு எழுதினார். நீ பக்கத்துலதான் நின்ன. 'இருங்க டாக்டர், பல்லை வைக்கிறேன்'னு ஒரு வார்த்தை சொன்னியா? அந்தக் காகிதத்தை வச்சுத்தானே உத்தரவு வாங்கின. அப்புறம் அந்த செட்டும் தொலைஞ்சுபோச்சு. நான் செஞ்சு கொண்டாந்தா உன் கையெழுத்து வேணும். பெத்த அம்மாவைப் பாக்க சீட்டு, அவங்க பல்லுக்கும் சீட்டு. உனக்கு எல்லாத்துலயும் ஒரு பிரேக் வேணும், இல்ல?"

அவன் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. குறுக்கே பேசவில்லை. அவள் முடித்தபோது இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைப் போகவிட்டாள்.

பிறகு அவன் பேசினான்.

"ஆறு மாசத்துல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னுதான் நினைச்சேன். ஸ்கூல்ல ஆளுங்க சேர்ந்துட்டாங்க." தரையைப் பார்த்தான். "பல்லு வச்சா பேசுவாங்க. முதல்ல கேக்கறதே, எப்படா கூட்டிட்டுப் போறேன்னுதான் இருக்கும். அதான் முழுங்கிடுவாங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

நொடிமுள் சுற்றிக்கொண்டிருந்தது.

நர்ஸ் வாசலிலிருந்து, "அக்கா, தாடை," என்றாள்.

அவன் எழுந்து மேலாளரிடம் போனான். "எழுதிக் குடுங்க, எங்க போடணுமோ போடறேன்" என்ற குரல் கேட்டது. திரும்பி வந்து அம்மாவின் முகவாயைப் பிடித்தான்.

"மெதுவா," என்றாள் அவள். "அழுத்தாதே."

"தெரியும்."

மேல் வரிசையை முதலில் வைத்தாள். கீழ் வரிசைக்குத் தாடை இணங்கவில்லை. அவன் இரண்டு கட்டைவிரல்களாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். அவள் வைத்த கீழ் வரிசை சின்னச் சத்தத்தோடு பொருந்தியது. கன்னங்கள் மேலெழுந்தன. மடிந்திருந்த உதடுகள் வெளியே வந்து, இடப்பக்கப் பல் தெரியும்படி சற்றுத் திறந்து நின்றன.

கட்டிலின் ஆளுக்கொரு பக்கமாக இருவரும் அந்த வாயைப் பார்த்தபடி நின்றார்கள். கடிகாரத்தில் நொடிமுள் ஒரு சுற்று சுற்றியது. பிறகு இன்னொன்று. மூன்றாவது சுற்று முடிந்த பின்னும் யாரும் குறுக்கே பேசவில்லை.