பத்தொன்பது மணி நேரம்

பாதிக் கையெழுத்தில் பெரியம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

“போதும்டி. பத்து நாளா அவளைப் பாடாப் படுத்தியாச்சு. நிம்மதியாப் போகட்டும்.”

“போறேன்னு அம்மா சொன்னாங்களா? குடுங்க பெரியம்மா.” மகள் நீட்டிய கையை மடக்கவில்லை.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒரு மாணவிக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தலை பிளக்கிறது என்று சொல்லி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. தலையைத் திறந்து வெடிப்பை அடைத்தார்கள். ஒரு வாரம் நன்றாகப் பேசினாள். மருத்துவமனைக் கஞ்சியைத் திட்டினாள். கண்டம் பிறகுதான் வந்தது. சிந்திய ரத்தம் பட்டு மற்ற குழாய்கள் சுருங்க ஆரம்பித்தன. முந்தின நாளிலிருந்து கண் திறக்கவில்லை.

அந்தச் சேதி கேட்டுத்தான் பெரியம்மா வந்தாள். அம்மா புருஷனை விட்டுவிட்டுத் தனியாக ஓட்டுநர் பள்ளி ஆரம்பித்ததிலிருந்து, நாலு வருஷமாக அக்கா தங்கைக்குள் பேச்சில்லை. வந்தவள் வராந்தாவைத் தாண்டி உள்ளே போகவே இல்லை.

“பிரஷரை ஏத்தி ரத்தத்தை மேல தள்ளிப் பாத்துட்டோம், பத்தல,” என்றார் டாக்டர். சின்ன வயதுப் பெண், தூங்காத முகம். “தொடை வழியா ஒரு குழாய் விட்டு, சுருங்கின இடத்துலயே மருந்து செலுத்தலாம். விரியலாம். நிலைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். டேபிள்லயே உயிர் போகவும் போகலாம்.”

“பண்ணலைன்னா?” என்றாள் மகள்.

டாக்டர் சம்மதப் படிவத்தை மகள் பக்கமே திருப்பி வைத்தார்.

மகள் பக்கத்தில் நின்ற நர்ஸின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, மிச்சக் கையெழுத்தையும் போட்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படத்தில் குழாய் நூலாய் இளைத்து, ஓரிடத்தில் காணாமலே போயிருந்தது. அடுத்ததில் கிளை கிளையாக உச்சி வரை ஓடியது. மகளுக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா கண் திறந்தாள். இரண்டு விரல் காட்டச் சொன்னார்கள், காட்டினாள். மூன்றாவது தடவையும் கேட்டபோது, “உங்களுக்கு எண்ணத் தெரியாதா?” என்றாள். குரல் கம்மியிருந்தது, திமிர் அப்படியே இருந்தது.

மகள் ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். அம்மா அக்காவை வெகுநேரம் பார்த்தாள்.

“எப்ப வந்த?”

“நேத்து.”

“எதுல வந்த?”

“பஸ்லதான்.”

“ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்து கூட்டிட்டு வந்திருப்பேன்ல?”

பெரியம்மா கட்டிலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அன்றிரவு நாற்காலியை விட்டு அவள் எழவில்லை. என்ன பேசினார்கள் என்று மகள் கேட்டுக்கொள்ளவுமில்லை.

விடிந்ததும் குழாய்கள் மறுபடி இறுகின. இந்தத் தடவை இரண்டு பக்கமும். எதற்கும் மசியவில்லை. பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்தது.

“மன்னிச்சிடுங்க,” என்றார் டாக்டர்.

“எதுக்கு? நீங்க எங்கம்மா பக்கம்தானே நின்னீங்க,” என்றாள் மகள்.

மத்தியானம் மாமா வந்து சேர்ந்தார். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

“பொழைக்காதுன்னு தெரிஞ்சும் அந்த உடம்பை ஏன் குத்திக் கிழிச்சீங்க? யாரு கையெழுத்துப் போட்டது?”

மகள் வாயைத் திறக்குமுன் பெரியம்மா முந்திக்கொண்டாள்.

“நாங்க ரெண்டு பேரும்தான் போட்டோம். இப்ப என்னங்கற?”

மாமா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நர்ஸ் ஒரு வெள்ளைத் துணி கொண்டு வந்தாள். அம்மாவின் தலையில் ஒரு பாதி மழிக்கப்பட்டு, தையல் வரிசையாகத் தெரிந்தது.

“பாக்க வர்றவங்க பயப்படுவாங்க. தலையை மூடிடலாமா?”

மகள் துணியை வாங்கி, மடித்து, கால்மாட்டில் வைத்தாள். பெரியம்மா மிச்சமிருந்த பாதி முடியை விரல்களால் கோதிச் சிக்கெடுத்து, காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.