ஓட்டக் கற்கும் வரை

ஐம்பத்திரண்டு வயதில் அம்மாவுக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது என்று சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். ஆசை இல்லை, அவசரம். அப்பாவின் கண் போய்க்கொண்டிருந்தது. அதுவும் நடுவிலிருந்து போனது. நேரே பார்த்தால் கறுப்பு, ஓரத்தில்தான் ஏதோ தெரியும். எங்களைப் பார்க்க வேண்டுமானால் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தவர்கள் மனுஷனுக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிடுவார்கள்.

அதற்கு முன் பதினைந்து வருடம், ஞாயிற்றுக்கிழமை காலையானால் அப்பா எங்களை ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போவார். பழைய வெள்ளைக் கார், இரண்டாவது கியரில் இருமும். பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு அந்த இருமலைக் கேட்டபடி போன காலைகளுக்குக் கணக்கே இல்லை. அந்தக் கார் உறை போர்த்தி ஷெட்டில் நின்றுவிட்டது. டாக்டர் சொன்ன கெடு ஒரு வருடம். அதற்குள் அவரை ஏரிக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று அம்மா கிளம்பினாள்.

"டாக்ஸியில போலாமேம்மா."

"டாக்ஸிக்காரர் உங்கப்பா நிறுத்தச் சொல்ற இடத்துலெல்லாம் நிறுத்துவாரா?"

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டினாள். ரசீதின் பின்பக்கம் நீல எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: 'ஓட்டக் கற்கும் வரை பயிற்சி அளிக்கப்படும்.' அதன் முதலாளியை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். அவர் ஒரே காரில் நாலு பேரை அடைத்துக்கொண்டு போவார். அம்மா கைக்கு ஸ்டியரிங் வருவது தினம் பத்து நிமிடம்.

லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டாள். முதல் தடவை, குறுக்கே வந்தவர்கள் அத்தனை பேருக்கும் வழிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். தபால் நிலையக் கவுண்டரில் இருபத்தாறு வருடம் 'அடுத்தது யாரு' என்று கேட்டுக்கொண்டிருந்தவள் வேறென்ன செய்வாள்? இரண்டாம் தடவை, ரிவர்ஸ் எடுத்ததில் நட்டிருந்த கம்பு சாய்ந்தது. மாஸ்டர் கைகழுவிவிட்டார்.

"இனிமே வேணும்னா புதுசா பணம் கட்டுங்கம்மா."

"கத்துக்கற வரைக்கும்னு ரசீதுல போட்டிருக்கே?"

"அது சும்மா அச்சடிச்சதும்மா. எல்லாரும் போடறதுதான்."

அந்த 'சும்மா' அம்மாவை உலுக்கிவிட்டது. ஊராருடைய வக்கீல் நோட்டீஸ்களுக்கெல்லாம் முத்திரை குத்தியவள், முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று எழுதினாள். லீவு போட்டுவிட்டு, தன் கவுண்டருக்கு முன்னாலேயே வரிசையில் நின்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினாள். பதினைந்து நாள் பதிலில்லை. மாஸ்டர் கையெழுத்துப் போட்ட அட்டை மட்டும் திரும்பி வந்தது. "வாங்கிட்டார்ல, இனி தெரியாதுன்னு சொல்ல முடியாது" என்று அதைப் பத்திரப்படுத்தினாள்.

அடுத்தது நுகர்வோர் மன்றம். வக்கீல் வேண்டாம், நடந்ததை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ரசீது நகல், தேறவில்லை என்ற இரண்டு சீட்டுகள், அந்த அட்டை எல்லாம் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். முதல் வாய்தாவுக்கு மாஸ்டர் வரவில்லை. அடுத்ததற்கு அவருக்குக் காய்ச்சல். மாதங்கள் ஓடின. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு ரேடியோவுக்கு மாறினார்.

கடைசியில் மாஸ்டர் வந்தார், அம்மா கட்டிய பணத்தோடும் அதற்கு மேல் கொஞ்சத்தோடும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கோர்ட்டு வாசலில் நிற்பதே மானக்கேடாக இருந்தது. அம்மாவின் முழங்கையைக் கிள்ளி, "வாங்கிட்டு வாம்மா, போதும்" என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"பணம் வேண்டாங்கம்மா" என்றாள் உள்ளே போய், நடுவில் உட்கார்ந்திருந்த மன்றத் தலைவியிடம். "பணத்த வெச்சு எங்க வீட்டுக்காரர நான் ஓட்டிக்கிட்டுப் போக முடியாது. கத்துக்கொடுக்கறேன்னு எழுதிக் கொடுத்தார், கத்துக்கொடுக்கட்டும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. ரசீதைத் திருப்பி இரண்டு தடவை படித்தார். "அச்சடிச்சுக் கொடுத்தா அதுவும் ஒப்பந்தந்தான்" என்று மாஸ்டரிடம் சொன்னார். சமரசம் எழுதினார்கள்: மாஸ்டரே, தினம் ஒரு மணி நேரம், தனியாக, லைசென்ஸ் கிடைக்கும்வரை. தவறினால் நஷ்டஈடு.

தன் பெட்ரோல் தினம் தினம் கரைவதைப் பார்த்த மாஸ்டர் அதற்கு முன் யாருக்கும் அவ்வளவு மும்முரமாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். நாலாவது வாரம் அம்மா தேறிவிட்டாள். பரீட்சை மைதானத்தில் அவளைவிட அதிகமாகத் துள்ளிக் குதித்தவர் அவர்தான்.

ஆனால் ரசீது வாங்கிய நாளிலிருந்து பதினோரு மாதம் ஆகிவிட்டிருந்தது. அப்பாவுக்கு இப்போது ஓரத்திலும் ஒரு கீற்றுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரின் உறையைக் கழற்றினோம். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார், நான் பின்னால். வழியெல்லாம் அவர் நேரே முன்னால் பார்த்தபடி அசையாமல் வந்தார். தெரியாத ரோட்டைத் தெரிந்தமாதிரி பார்க்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். ஏரிக்கரையில் தண்ணீர் பளபளத்தது. அம்மா எஞ்சினை அணைத்தாள், உடனே அழுதுவிட்டாள்.

"கேட்டது கெடைச்சுதுங்க. கேட்ட நேரத்துல கெடைக்கலயே."

"போகும்போது ஸ்டியரிங்க அவ்வளவு இறுக்கிப் பிடிக்காத. கை வலிக்கும்" என்றார் அப்பா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேரா ரோட்டப் பாத்து உக்காந்தா ரோடு தெரியல. ஓரத்துல நீ தெரியற. ஏரியத்தான் எத்தனையோ தடவ பாத்தாச்சு. நீ ஓட்டி எப்பப் பாத்தேன்? வழி பூரா உன்னத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பினாள். "இன்னொரு சுத்து போலாமா?" என்றாள். இரண்டாவது கியரில் கார் இருமியது. நான் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு அதைக் கேட்டேன். அன்றைக்குக் கோர்ட்டு வாசலில், பணத்தை வாங்கிக்கொண்டு வா என்று சொன்னவள் நான்.