மெழுகுப்பூக் கொடியும் பாதிச் சொல்லும்

சலூன்காரர் வீட்டு மெழுகுப்பூக் கொடி, குறைத்துச் சொன்னாலே, முன்னறையில் பாதியைத் தின்றிருந்தது. ஜன்னலோரத் தொட்டியில் புறப்பட்டுத் திரைச்சீலைக் கம்பியில் ஏறி, அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றி, சுவர்க் கடிகாரத்தை முள்ளோடு விழுங்கி ஏப்பமும் விட்டாயிற்று. கதவைத் திறந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது அதுதான். வீட்டுக்காரர் அப்புறம்தான் வருவார்.

அது அவர் மனைவியின் கொடி. அவருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. விடிந்தால் சலூன், இருட்டினால் வீடு என்று ஊரார் தலையிலேயே காலத்தைக் கழித்தவர். கொடி பூத்திருக்கிறது என்று மூக்குக்குத் தெரியும். எங்கே பூத்தது என்று கண்ணுக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. கைகாலோடு பேச்சும் போயிற்று. தெருமுனையில் போகிறவனை வீட்டுக்குள்ளிருந்தே வம்புக்கு இழுக்கிற வாய், கட்டிலில் கோணிக்கொண்டு கிடந்தது. கட்டிலைக் கொடிக்குக் கீழேயே போட்டார், பார்த்துக்கொண்டாவது கிடக்கட்டும் என்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஐயா, அவங்க அரை வார்த்தை சொன்னாலும் உடனே செஞ்சு குடுத்துடுங்க. சொன்னா நடக்குதுன்னு தெரிஞ்சாதான் அடுத்த வார்த்தை வரும்."

"இதுல என்னம்மா புதுசு? கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் அப்படித்தான்" என்றார் அவர்.

ஆனால் செய்து கொடுக்க ஒரு வார்த்தையும் வரவில்லை. தினமும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் மத்தியானம், கம்பியிலிருந்த கொடி பாரம் தாங்காமல் சரிந்து அவள் முகத்துக்கு நேரே தொங்கியது. அவள் இடக்கையைத் தூக்கி அதைக் காட்டினாள். தொண்டையில் ஏதோ புரண்டது.

"...ட்டு."

"என்னம்மா? என்ன சொன்ன? இன்னொரு தடவை!"

"...ட்டு."

காலமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காதில் வேறெப்படி விழும்? வெட்டு!

"வந்துடுச்சு! வாய் வந்துடுச்சு!" ஆள் கூரைக்கும் தரைக்குமாகக் குதித்தார். மகளுக்குப் போன் போட்டுக் கத்தினார். பழைய பெட்டியைத் திறந்து கத்தரியை எடுத்தார். தொட்டியின் கழுத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றித் தண்ணீர் அடித்து, மாப்பிள்ளைக்கு முடி வெட்டுகிற மாதிரி ஆரம்பித்தார். காதோரம் ஒதுக்கினார், பின்கழுத்தை ஏற்றினார். இலையில்லாமல் நீட்டிக்கொண்டிருந்த குட்டிக் குச்சிகளை ஒன்று விடாமல் நறுக்கினார். வெட்டிய இடமெல்லாம் பால் சொட்டியது.

"ட்டு! ...ட்டு!" என்றாள் அவள் உரக்க.

"பொறும்மா, அவசரப்பட்டா பள்ளம் விழுந்துடும்."

கடிகாரம் வெளியே வந்தது. எப்போதோ நின்றுபோயிருந்தது. அவள் கண்ணிலிருந்து வழிந்ததைத் தோள் துண்டால் துடைத்துவிட்டார். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவரும் கொஞ்சம் அழுதார்.

சாயங்காலம் வேலை முடிந்து ஓடி வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, யாரு இதை மொட்டையடிச்சது?"

"உங்கம்மாதான் சொன்னா. வெட்டுன்னு வாயத் திறந்து சொன்னா!"

மகள் குனிந்து தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தாள். நுனியில் கடுகு கடுகாய் மொட்டு.

"இந்தப் பழைய காம்புலயேதாம்பா திரும்பத் திரும்பப் பூக்கும். இதுல ஒண்ணைக்கூட அம்மா கிள்ள விடமாட்டாங்க."

"அப்ப கொடி சரிஞ்சா என்னதான் செய்வா?"

"கட்டுவாங்க."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

மிஞ்சிய கொடியைப் பழைய துணிக் கிழிசலால் பூப்போலக் கட்டினார். அவள் பார்க்கவில்லை. பயிற்சி அம்மாள் வந்து படமெல்லாம் காட்டினார், உதடு பிரியவில்லை. "அன்னைக்கு ஒரு வார்த்தை வந்துச்சுன்னீங்களே?" என்று அந்த அம்மாள் கேட்டதும் சலூன்காரர் செருப்பைத் தேடினார்.

பிறகு ஒரு சாயங்காலம் தலையை அவள் இடக்கைப் பக்கம் கொண்டுபோய்க் குனிந்தார்.

"ஒரே ஒரு வார்த்தை திட்டிடு. இல்லேன்னா குட்டு. ம், நல்லா குட்டு."

கை அசையவில்லை.

"கட்டினது சரியில்லையா? இன்னும் தூக்கிக் கட்டவா? தொட்டிய கிட்ட கொண்டு வரட்டா?"

குனிந்த தலையை நிமிர்த்தினார்.

"அப்ப விட்டுடவா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டே சரியென்று மெல்லத் தலையசைத்தாள்.

கொடியையா, அவளைப் பேசவைப்பதையா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் தலையசைத்துவிடுவாள்.