ஒரு பக்கம் மட்டும் பாடிய ஆம்ப்ளிஃபயர்

சரக்குக் கிடங்கில் அவருக்குத் தராசு என்று பெயர். எந்தப் பெட்டியையும் ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுவார். கால் கிலோ முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயர் வந்த சனிக்கிழமை மத்தியானம், பார்சல்காரர் கையிலிருந்து பெட்டியை வாங்கிய உடனே, "பதினொண்ணு" என்றார். விளம்பரத்திலும் பதினொரு கிலோ என்றுதான் போட்டிருந்தது. சரக்கு சரி. போனை எடுத்து, 'பொருள் நல்லபடியாக வந்து சேர்ந்தது' என்ற பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார். பார்சல்காரர் அப்போது பாதிப் படிகூட இறங்கியிருக்கவில்லை.

இருபத்தாறு வருஷப் பழக்கம் அது. வண்டி வந்தால் எண்ண வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், அனுப்பிவிட வேண்டும். ஒரு வண்டியை நிறுத்தி வைத்தால் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும். பெட்டிக்குள் இருப்பது உடைந்ததா, உருப்படியா என்று பார்ப்பதெல்லாம் உள்ளே நாற்காலியில் இருப்பவர்கள் பாடு.

இன்னொரு பழக்கமும் உண்டு. பெட்டி காலியானால் அது ஒரு நிமிஷம்கூடப் பெட்டியாக நிற்கக் கூடாது. ஒட்டுநாடாவைக் கிழித்து, நாலு மூலையையும் பிரித்து, தட்டையாக மடித்துப் போட்டார். போட்ட அட்டையை மனைவி பாய்ந்து எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டிலேயே பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவள். துணியில் வைத்து வெட்டும் அளவு மாதிரிகளுக்குக் கெட்டி அட்டை கிடைக்காமல் ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அட்டை மொழுமொழுன்னு இருக்கு. இதுக்காகவே இன்னொண்ணு வாங்கலாம் போலிருக்கே!"

அவர் ஒயர்களை மாட்டி முடிப்பதற்குள் ஒரு முழுக்கை, ஒரு அரைக்கை, ஒரு காலர் வெட்டிவிட்டாள்.

இந்த ஆம்ப்ளிஃபயரே அவளுக்காகத்தான். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருஷம் நூல் மில்லில் நின்றவள். இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். வலது காது இருந்தது, அதுவும் வர வர மந்தம். ஆனால் தையல் மெஷின் ஓடும்போது போனின் மெல்லிய சத்தம் அதில் ஏறவில்லை. முன்பெல்லாம் பாட்டைக் கேட்டபடி கூடவே பாடிக்கொண்டு தைப்பாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் மெஷினின் டகடகதான். அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வேலை முடிந்து படியேறும்போது அந்த டகடகவை மட்டும் கேட்பது அவருக்குத்தான் தாங்கவில்லை. கிடங்கில் கழித்துப்போட்ட இரண்டு ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கி வந்தார். ஆம்ப்ளிஃபயர் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. பழையதைத் தேடியபோது, அந்த ஆப்பில் பெரிய கேடயம் ஒன்றைப் போட்டு, 'வாங்குபவருக்கு முழுப் பாதுகாப்பு' என்று எழுதியிருந்தார்கள். கேடயத்தை நம்பிப் பணம் கட்டினார். "இனிமே மெஷின் ஓட்டினாலும் பாட்டு கேக்கும், பாரு" என்று அவளிடம் வாக்கும் கொடுத்துவிட்டார்.

போனை ஒயரில் சொருகி, அவளுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். வலது ஸ்பீக்கரில் தபேலா வந்தது, வயலின் வந்தது, அறை அதிர்ந்தது. பல்லவி வர வேண்டிய இடத்திலும் தபேலாதான் வந்தது.

அவள் வலது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"பாடுறவர் இன்னைக்கு லீவா?"

இடது ஸ்பீக்கர் மூச்சே விடவில்லை. ஸ்பீக்கர்களை மாற்றி மாட்டிப் பார்த்தார். ஊமை அப்போதும் இடது பக்கமேதான் இருந்தது. ஸ்பீக்கர் மேல் தப்பில்லை, ஆம்ப்ளிஃபயரின் இடது பாதி செத்திருக்கிறது. குரல் ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பதிந்த பழைய பாட்டு அது; குரல் முழுக்க அந்தப் பாதியில் இருந்தது. டார்ச் அடித்துக் காற்றுத் துளை வழியாக உள்ளே பார்த்தார். ஒயர்களுக்கு நடுவே பொடிப்பொடியாக மயிர்.

"உள்ள பூனை வளர்த்திருக்காங்க போல" என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒயரா இருக்கும், பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு, அவளுடைய போனோடு மொட்டைமாடிக்குப் போய் ஆப்பின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சார், சரியா வந்துச்சுன்னு நீங்களே அழுத்திட்டீங்க. அழுத்தின அந்த நிமிஷமே பணம் வித்தவருக்குப் போயிடுச்சு."

"வந்துச்சுன்னுதான்மா அழுத்தினேன். பாடுதுன்னு அழுத்தலையே!"

"மூணு நாள் டைம் இருந்துச்சு சார். போட்டுக் கேட்டுட்டு அழுத்தியிருக்கலாம்."

"அப்ப அந்தக் கேடயம்?"

"அது நீங்க அழுத்துற வரைக்கும்தான் சார்." அந்தக் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "பெட்டியும் லேபிளும் அப்படியே இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, மேலே ஒரு தடவை கேட்டுப் பாக்குறேன். பெட்டி இருக்கா?"

"பெட்டி சட்டை ஆயிட்டிருக்கும்மா" என்றார் தராசு.

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டாள்.

கீழே இறங்கி வந்தபோது அவர் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. எத்தனையோ ஆயிரம் பெட்டி தூக்கியவர், தன் வீட்டுக்கு வந்த ஒரே பெட்டியில் கோட்டை விட்டுவிட்டார்.

"திருப்பித் தர முடியாதாம்" என்றார். "அவசரப்பட்டு அழுத்தின கை என்னோடது. தப்பும் என்னோடது."

"வெட்டின கத்தரி என்னோடது" என்றாள் அவள். "ஆளுக்குப் பாதி வச்சுக்குவோம். இருங்க, அனுப்பினவங்க நம்பர் லேபிள்ல இருந்துச்சே!"

வெட்டிய அட்டைகளைப் புரட்டினாள். முழுக்கையில் இல்லை. காலரில் பின்கோடு மட்டும் இருந்தது. அரைக்கையின் பின்புறம், வெட்டிய ஓரத்துக்கு ஒரு விரற்கடை உள்ளே, லேபிள் முழுசாக ஒட்டியிருந்தது.

"நம்ம நல்ல நேரம், அரைக்கையைப் பெரிய சைஸ்ல வெட்டியிருக்கேன்" என்றாள்.

அவருடைய போன் ஆம்ப்ளிஃபயரில் சொருகியிருந்ததால் அவளுடைய போனில் கூப்பிட்டார். கத்தரிக்கோல் சத்தத்தோடு ஓர் ஆண் குரல் வந்தது.

"சலூன். சொல்லுங்கண்ணே."

மயிர் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது. "ஆம்ப்ளிஃபயர் வாங்கினவன் பேசுறேன்" என்றார்.

"ஆகா, வந்துடுச்சா? பாடுதா?"

"பாதி பாடுது. இடது பக்கம் பேச்சு மூச்சு இல்ல. நல்லா ஓடுதுன்னு போட்டிருந்தீங்களே?"

"ஓடுச்சேண்ணே! ஒம்பது வருஷம் கடையில காலையில இருந்து கடை மூடுற வரைக்கும் ஓடுச்சு." அவர் யோசிப்பது இங்கே கேட்டது. "ஆனா ஒண்ணுண்ணே. நம்ம கடை ரெண்டு நாற்காலி கடை. கண்ணாடிக்குப் பக்கத்துல ஒரே ஒரு ஸ்பீக்கருக்குத்தான் இடம். இடது பக்கத்துல நான் ஒயரே சொருகினதில்ல. அது உயிரோட இருக்கா செத்துச்சான்னு எனக்கே தெரியாது, சத்தியமா."

தராசுக்குக் கோபம் வரவில்லை. அந்த ஆள் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

"ஒரு ஸ்பீக்கர்ல உங்களுக்கு மட்டும் எப்படி பாட்டு முழுசா வந்துச்சு?"

"முன்னாடி மோனோன்னு ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும், பாருங்க. அதை அமுக்கினா ரெண்டு பக்கமும் கலந்து ஒரே பக்கம் வந்துடும். பேக் பண்றப்ப எல்லாப் பொத்தானையும் மரியாதையா எடுத்துவிட்டு அனுப்பினேன், அதான். அமுக்கிப் பாருங்க. பிடிக்கலேன்னா அனுப்பிடுங்கண்ணே, பணத்தைத் திருப்பிப் போட்டுடுறேன். ஆப்புக்காரன் சொல்லணும்னு இல்ல."

பொத்தான் நெல்மணி அளவு இருந்தது. அமுக்கினார். வலது ஸ்பீக்கரிலிருந்து, தபேலாவுக்கு நடுவே, குரல் எழுந்து வந்தது.

மனைவி அந்த ஸ்பீக்கரைத் தூக்கி மெஷினுக்கு வலது பக்கம் ஸ்டூலில் வைத்தாள். உட்கார்ந்து, ஒரு சட்டைக் காலரை ஊசிக்குக் கீழே கொடுத்து, மெஷினை ஓட்டினாள். டகடகவென்று வேகம் பிடித்தது. சரணத்தில் அவள் உதடு அசைந்தது. பிறகு பாடவே ஆரம்பித்துவிட்டாள், ஒரு காதுக்காரர்கள் பாடுவதுபோல, தேவைக்கு மேல் உரக்க.

"அண்ணே, பாடுறது யாரு?" என்றார் சலூன்காரர்.

"வீட்டுல."

"நல்லாயிருக்கே! அப்ப அனுப்புறீங்களா, வச்சுக்குறீங்களா?"

தராசு மெஷின் பக்கம் குனிந்து கேட்டார். "ஏய், இதைத் திருப்பி அனுப்பிடட்டுமா? பணம் வந்துடுமாம்."

"யாரு, எதை?" என்றாள் அவள், மெஷினை நிறுத்தாமல். "எனக்கு இருக்கிறதே ஒரு காது. அதுக்கு இருக்கிறதே ஒரு பக்கம். ஜோடி பொருந்தியிருக்கு. ரெண்டாவது ஸ்பீக்கர் மேல துணி அடுக்கிக்கிறேன். நீங்க போனை வச்சுட்டு டீ போடுங்க."

அவர் டீ போட்டார். இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தபோது, ஆம்ப்ளிஃபயர் மேல் கிடந்த அவருடைய போனில் ஆப்பிலிருந்து ஒரு செய்தி மின்னியது: 'பொருள் எப்படி இருக்கிறது? நட்சத்திரம் கொடுங்கள்.' கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஐந்தாவது நட்சத்திரத்தின் மேல் போய் நின்றது.

விரலை எடுத்துக்கொண்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். வண்டி நிற்கட்டும், பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. போனின் பாட்டுப் பட்டியலில் இன்னும் நாற்பது பாட்டு இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அழுத்தலாம்.