வாசல் வெளிச்சத்தில் ஒரு பென்சில் பெட்டி

வீரம்மா இரண்டு பென்சில் பெட்டிகளையும் முகத்தருகே பிடித்துப் பார்த்தாள். இரண்டிலும் குடை பிடித்த அதே முயல், அதே ஜப்பான் எழுத்து, அதே காந்த மூடி. கடையின் மஞ்சள் விளக்கில் இரண்டும் ஒரே ரோஸ் நிறமாகத்தான் தெரிந்தன. ஆனால் அவை வேறு வேறு தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. ஏதோ வித்தியாசம் இருக்க வேண்டும்.

“இதுக்குப் பதினெட்டு வெள்ளியா? உயிரோட ஒரு முயலையே வாங்கிரலாம் லா,” என்றாள் நல்லம்மாள்.

“வாங்கி? அது பென்சில் வச்சுக்குமா? சும்மா வா.”

மலேசியாவின் கம்போங் மேடானில் இருவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். பெட்டாலிங் ஜெயாவில் வீடுகளைச் சுத்தம் செய்வது இருவருக்கும் வேலை. வியாழக்கிழமை இராசேஸ்வரி டீச்சர் வீட்டில் தரை துடைக்கும்போது நாற்காலி சாய்ந்து, டீச்சர் மகள் தர்ஷினியின் பென்சில் பெட்டி நசுங்கிவிட்டது. “விடுங்கோ வீரம்மா, பிளாஸ்டிக்தானே,” என்று டீச்சர் சொல்லிவிட்டார். தர்ஷினி அழவில்லை. உடைந்த மூடியை எடுத்து வைத்து, மூடிப் பார்த்தாள். மறுபடியும் மூடிப் பார்த்தாள். ஈப்போவுக்கு மாறிப்போன தோழியிடமும் இதே நிறத்தில் ஒரு பெட்டி இருந்தது, இரண்டும் ஜோடி என்று பிறகுதான் தெரிந்தது. வீரம்மா அன்றிரவு முருகன் படத்துக்கு முன்னால் நின்றபோதும் அந்தச் சின்னக் கைதான் கண்ணில் நின்றது.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை, மூடியின் ஒரு துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு இங்கே வந்திருந்தாள். தவளை முகம் போட்ட கோப்பைகள், மேகம் போன்ற தலையணைகள், ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கும் அழிப்பான்கள். சத்தமாகப் பேசவே கூச்சமாக இருக்கும் கடை.

கைக்குட்டைத் துண்டை வைத்துப் பார்த்தும் நிறம் பிடிபடவில்லை. கிள்ளானில் சேலை எடுக்கும்போது இப்படிச் சந்தேகம் வந்தால், “வெயில்ல கொண்டு போய்ப் பாருங்கக்கா,” என்று கடைக்காரரே துணியை நீட்டுவார். வீரம்மா யோசிக்கவே இல்லை. இரண்டு பெட்டிகளோடும் கண்ணாடிக் கதவைத் தள்ளி, கால்மிதியைத் தாண்டி, கடை முன் நடைபாதையான அஞ்சடியில் வெயில் விழும் இடத்தில் நின்றாள்.

ஒன்று வெளிர் ரோஸ். மற்றது ரோஸ் சிரப் கலந்த தண்ணீர் போல அடர்த்தி. அவள் முகம் மலர்ந்த அதே நேரம், தோளில் தொங்கிய பையின் வாரை யாரோ பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார்கள்.

“உள்ளே வா,” என்றார் கடை மேனேஜர் லிம், மலாயில். “பணம் கட்டாமல் எங்கே போகிறாய்?”

“போகல பாஸ். நிறம் பார்த்தேன்.”

“எல்லாரும் ஏதோ ஒன்று சொல்கிறார்கள்.” கல்லா மேசையில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அந்த மாதம் காணாமல் போன சாமான்களின் பட்டியல், பக்கம் நிறைய இருந்தது. “முதலாளி என் சம்பளத்தில் பிடிக்கிறார். பையைத் திற.”

நல்லம்மாள் அலமாரிகளுக்கு நடுவிலிருந்து ஓடிவந்தாள். “ஏன்யா, பொம்பள பையில கை வைக்கிற? நாங்க என்ன திருட்டுக் கூட்டமா?” அவள் குரலுக்குக் கடையிலிருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

“நல்லம்மா, வாய மூடு,” என்றாள் வீரம்மா. “நீ கத்துனா நான்தான் திருடி மாதிரி ஆயிருவேன்.”

பையைத் திறந்தாள். லிம் முதலில் கைக்குட்டையை அவிழ்த்தார். அதே முயலின் காது, உடைந்த துண்டாக.

“இதையும் உடைத்தாயா?”

“அது நான் வேலை செய்யற வீட்டுப் பிள்ளையோடது. அதுக்குத்தான் புதுசு வாங்க வந்தேன்.”

அடுத்து பைக்குள்ளிருந்து மூன்று சாவிக் கொத்துகளை எடுத்தார். மூன்றிலும் மூன்று நிற நூல் சுற்றியிருந்தது. அவற்றை மேசையில் வைத்தபோது அவர் முகம் மாறியது.

“இத்தனை வீட்டுச் சாவி உன்னிடம் ஏன்?”

“மூணு வீட்டுல வேலை. அவங்க வேலைக்குப் போனப்புறம் நான்தான் திறந்து சுத்தம் பண்ணுவேன்.”

“நம்பர் கொடு. கேட்டுவிடுகிறேன்.”

வீரம்மாவுக்கு டீச்சர் வீட்டு நம்பர் மனப்பாடம். கொடுக்காவிட்டால் திருடி. கொடுத்தால், “உங்கள் வேலைக்காரியைக் கடையில் பிடித்து வைத்திருக்கிறோம்” என்று ஒருவன் சொல்வது டீச்சர் காதில் விழும். அப்புறம் எது நிரூபணம் ஆனாலும் அந்தச் சொல் அந்தக் காதில் இருக்கும். டீச்சர் நல்லவர், சாவியைத் திருப்பிக் கேட்க மாட்டார். ஆனால் ஒரு நாள் பீரோவைப் பூட்ட ஆரம்பிப்பார். பிறகு மற்ற இரண்டு வீடுகளுக்கும் விஷயம் போகும். பதினோரு வருஷமாக அவள் சேர்த்து வைத்தது அந்த மூன்று கொத்து நம்பிக்கை ஒன்றுதான்.

முருகா, என்றாள் மனதுக்குள். நம்பரைச் சொன்னாள். பொய் நம்பர் சொல்ல அவளுக்கு வரவில்லை.

லிம் ரிசீவரை எடுத்தார். ஒரு எண் சுழற்றினார். இரண்டாவது. டயல் திரும்பி வரும் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. மூன்றாவது.

அப்போது தண்ணீர்ப் போத்தல்கள் இருந்த மூலையிலிருந்து ஒரு மலாய்ப் பெண் வந்தாள். வெள்ளை நர்ஸ் உடுப்பு, வேலை முடிந்து வந்த களைப்பு முகம். கையில் ஒரு நீலப் போத்தல். கல்லாவைக் கடந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளி, கால்மிதியைத் தாண்டி வெயிலில் போய் நின்றாள். போத்தலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

லிம்மின் விரல் டயலிலேயே நின்றது.

அவள் கதவைத் திறந்து பிடித்தபடி சொன்னாள். “துணிக்கடையில் நானும் இப்படித்தான் பார்ப்பேன். இந்த விளக்கில் எது என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் போன் செய்வீர்களா, தவ்கே?”

‘தவ்கே’ என்று முதலாளியை அழைப்பது போல மரியாதையாகவே சொன்னாள், குரலில் கோபம் இல்லை. ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் பேசுவது போலப் பேசினாள்.

லிம் அவளைப் பார்த்தார். மேசையில் கிடந்த சாவிகளைப் பார்த்தார். ரிசீவரை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு இரண்டு பெட்டிகளையும் உடைந்த துண்டையும் எடுத்துக்கொண்டு, தானே அஞ்சடிக்குப் போனார். கொஞ்ச நேரம் முதுகைக் காட்டியபடி நின்றார்.

திரும்பி வந்து வெளிர் ரோஸ் பெட்டியை மேசையில் வைத்தார். “இதுதான்,” என்றார்.

நர்ஸ் போத்தலுக்குப் பணம் கட்டினாள். வீரம்மா கைகூப்பியபோது, அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு பஸ் பிடிக்கும் அவசரத்தில் போய்விட்டாள்.

வீரம்மா பணத்தை எண்ணி வைத்தாள். சாவிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். லிம் பெட்டியைப் பூப்போட்ட காகிதத்தில் சுற்றினார். ஒட்டும்போது டேப் இரண்டு முறை கோணலானது. முடித்ததும், மேசைக் கண்ணாடிக் குடுவையிலிருந்து ஒரு ஸ்ட்ராபெரி அழிப்பானை எடுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் பைக்குள் போட்டார்.

“எடுத்துக்க அக்கா,” என்று நல்லம்மாள் தமிழில் முணுமுணுத்தாள். “பிடிச்ச பிடிக்கு அரைக் கடையவே குடுக்கணும்.”

வீரம்மா அழிப்பானை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள்.

“இதுக்கு நான் பணம் கட்டலியே, பாஸ்.”

“சும்மா கொடுத்தேன். பிள்ளைக்கு.”

“தெரியுது. பிள்ளைக்குப் பிடிக்கும்.” அவர் கொடுத்த ரசீதைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். “இதுல எழுதிக் குடுங்க.”

லிம் பேனாவை எடுத்தார். பெட்டியின் விலைக்குக் கீழே அழிப்பானையும் எழுதி, ‘இலவசம்’ என்று போட்டு, கேட்காமலேயே பக்கத்தில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். அதன் மேல் கடை முத்திரையையும் குத்தி, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

“நன்றி பாஸ்,” என்றாள் வீரம்மா. ரசீதைச் சாவிகளோடு வைத்துப் பையை மூடினாள். கால்மிதியைத் தாண்டும்போது ஒரு கணம் கால் தயங்கியது. பிறகு வெயிலில் இறங்கி நடந்தாள்.